மக் கைப்பிடிக்கு பிளாஸ்டர் அச்சு: ஸ்லிப் ஊற்றி வார்ப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

என் முதல் அச்சிலிருந்து வந்த கைப்பிடிகள் பார்க்க அழகாகத்தான் இருந்தன. வளைவு சரி, தடிமன் சரி, விரலுக்கும் இதமாக இருந்தது. ஒன்று கை தவறி விழுந்து இரண்டாக உடைந்த பிறகுதான் கதை தெரிந்தது. உள்ளே இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் உறிஞ்சுகுழல் மாதிரி ஒரு துளை ஓடியது. மற்றவற்றையும் உடைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அதே துளை.

தப்பு மண்ணிலும் இல்லை, பிளாஸ்டரிலும் இல்லை. அச்சின் வாயை நான் மிகவும் சிறியதாக வைத்திருந்தேன். கைப்பிடி அச்சில் பெரும்பாலான தொல்லைகள் அங்கேதான் ஆரம்பிக்கின்றன. அதனால் இந்த வழிகாட்டியில் மற்ற படிகளைவிட அந்த வாயைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே பேசப்போகிறேன்.

மக் வேறு, கைப்பிடி வேறு

மக்கின் உடலை வார்க்கும்போது அச்சு நிறைய ஸ்லிப்பை, அதாவது களிமண் கரைசலை, ஊற்றுகிறோம். பிளாஸ்டர் தண்ணீரைக் குடிக்கிறது, சுவரை ஒட்டி மண் படிகிறது. வேண்டிய தடிமன் வந்ததும் மீதியைக் கவிழ்த்துவிடுகிறோம். கைப்பிடியில் கவிழ்ப்பது கிடையாது. இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் மண் வளர்ந்து நடுவில் ஒன்றுசேர வேண்டும். இது திட வார்ப்பு.

தண்ணீர் வெளியேற வெளியேற உள்ளே இருக்கும் கரைசலின் அளவு குறைந்துகொண்டே வரும். அந்தக் குறைவை மேலிருந்து புதிய ஸ்லிப் வந்து நிரப்ப வேண்டும். வரும் வழி முதலில் அடைபட்டுவிட்டால் நடுப்பகுதி காலியாகவே நின்றுவிடும். நான் பார்த்த உறிஞ்சுகுழல் அதுதான்.

அப்படியானால் மக்கையும் கைப்பிடியையும் ஒரே அச்சில் சேர்த்தே வார்த்துவிடலாமே என்று தோன்றும். வார்க்கலாம், பலர் செய்கிறார்கள். ஆனால் கைப்பிடி உடலோடு சேரும் இடத்தில் மக்கின் உட்சுவரில் சின்னப் பள்ளம் விழும். அச்சின் பாகங்களும் சிக்கலாகும். நான் தனி அச்சின் பக்கம்தான். ஒரே கைப்பிடியை நான்கு விதமான மக்குகளில் ஒட்டிக்கொள்ளலாம் என்பது இதில் கூடுதல் லாபம்.

சுருக்கத்தைக் கணக்கிடுவது

மண் காயும்போதும் சூளையில் வேகும்போதும் சுருங்கும். நீங்கள் பயன்படுத்தும் மண் எவ்வளவு சுருங்கும் என்பதை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அதே ஸ்லிப்பில் ஒரு பட்டையை வார்த்து, ஈரமாக இருக்கும்போதே சரியாக 100 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு கோடு கீறுங்கள். கடைசிச் சூடு வரை சுட்டு மறுபடி அளந்தால் 88 வருகிறது என்று வையுங்கள். சுருக்கம் 12 சதவீதம்.

இங்கே பலர் சறுக்குவார்கள். சுட்ட பிறகு கைப்பிடி 75 மில்லிமீட்டர் உயரம் வேண்டுமென்றால் 75உடன் 12 சதவீதத்தைக் கூட்டக் கூடாது. 75ஐ 0.88ஆல் வகுக்க வேண்டும். விடை 85.2. கூட்டினால் 84தான் வரும். உயரத்தில் இந்த வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் விரல் நுழையும் இடைவெளி இறுக்கமாக இருக்கும் கைப்பிடியில் ஒரு மில்லிமீட்டர்கூட உணரப்படும்.

மூல உரு

மூல உருவை, அதாவது அச்சு எடுக்கப்போகும் மாதிரிக் கைப்பிடியை, எதில் வேண்டுமானாலும் செய்யலாம்: மரம், செதுக்கிய பிளாஸ்டர், பிளாஸ்டிசின் (காய்ந்து இறுகாத மாதிரிக் களிமண்), முப்பரிமாண அச்சு (3டி பிரிண்டிங்). ஆனால் எடுத்த எடுப்பில் பெரிதாக்கிய அளவில் செய்யாதீர்கள். முதலில் சுட்ட பிறகு இருக்கப்போகும் உண்மையான அளவில் பிளாஸ்டிசினில் ஒன்று செய்து, ஒரு பழைய மக்கில் ஒட்டி, மக்கில் தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பாருங்கள். நடுவிரல் மக்கின் சுவரில் உரசுகிறதா? சூடான மக் என்றால் அந்த உரசல் விரலைச் சுடும். கட்டைவிரல் மேலே எங்கே உட்காருகிறது? மக் முன்பக்கம் சாய்கிறதா? திரையில் பார்த்து வடிவமைத்த கைப்பிடிகள் பெரும்பாலும் இந்தச் சோதனையில்தான் தோற்கின்றன.

கைக்குப் பிடித்துப்போனால் அதன் பக்கத் தோற்றத்தைத் தாளில் வரைந்து, நகல் இயந்திரத்தில் 114 சதவீதத்துக்குப் பெரிதாக்கினால் 12 சதவீதச் சுருக்கத்துக்கான வரைபடம் கிடைத்துவிடும். அதை வைத்து நிஜ மூல உருவைச் செய்யலாம்.

முப்பரிமாண அச்சில் எடுத்த உருவானால் அடுக்குக் கோடுகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, நிரப்பும் பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்து வழவழப்பாக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கோட்டைக்கூட பிளாஸ்டர் அப்படியே பிரதி எடுக்கும். மரம், பிளாஸ்டர் போன்ற நீர் உறிஞ்சும் பொருள் என்றால் ஷெல்லாக் வார்னிஷ் இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள்.

குறுக்குவெட்டில் கைப்பிடி முட்டை வடிவமாகவோ ஓரம் உருண்ட பட்டையாகவோ இருப்பது நல்லது. இரண்டு பாதியும் நேராகப் பிரிந்து வர வேண்டும், எங்கும் மாட்டிக்கொள்ளக் கூடாது. அதைச் சோதிக்க ஒரு பழைய முறை இருக்கிறது. மூல உருவை மேசையில் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். ஒரு மூலைமட்டத்தின் நிமிர்ந்த விளிம்பில் பென்சில் கரியைத் தேய்த்து, அதை மேசை மேல் நிறுத்தியபடி உருவைச் சுற்றி உரசிக்கொண்டு போங்கள். கரி ஒட்டும் கோடுதான் உருவின் மிக அகன்ற கோடு. அச்சு பிரிய வேண்டிய கோடும் அதுவே. வளைவின் உட்பக்கத்தையும் இதேபோல் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊற்றுவாய்

அச்சுக்குள் கைப்பிடி எப்படி நிற்க வேண்டும்? மக்கில் ஒட்டப்போகும் இரண்டு முனைகளும் மேல்நோக்கி, வளைவு கீழே தொங்க, ஆங்கில யு எழுத்து மாதிரி. ஒரு முனையில் ஊற்றினால் ஸ்லிப் அடிவளைவு வழியாகச் சுற்றி மறுமுனையில் எழும்பும், காற்று அந்தப் பக்கமாக வெளியேறிவிடும். பக்கவாட்டில் படுக்க வைத்து ஒரே துளையில் ஊற்றினால் மேல்வளைவில் காற்று சிக்கும்.

இரண்டு முனைகளிலும் களிமண்ணாலோ பிளாஸ்டிசினாலோ சுமார் 25 மில்லிமீட்டர் உயரத்துக்குப் புனல் வடிவ நீட்சி ஒட்டுங்கள். இதுதான் ஊற்றுவாய். கைப்பிடியோடு சேரும் இடத்திலேயே அது கைப்பிடியைவிடக் கொஞ்சமாவது தடித்திருக்க வேண்டும், மேலே போகப் போக இன்னும் விரிய வேண்டும். படியும் தடிமன் நேரத்தின் வர்க்கமூலத்தை ஒட்டித்தான் வளரும். ஒரு பக்கத்தில் 3 மில்லிமீட்டர் படிய 10 நிமிடம் ஆகும் மண் என்று எடுத்துக்கொள்வோம். 9 மில்லிமீட்டர் கைப்பிடியில் ஒவ்வொரு பக்கமும் 4.5 வளர வேண்டும். ஒன்றரை மடங்கு தடிமன், ஆகவே இரண்டேகால் மடங்கு நேரம், கிட்டத்தட்ட 23 நிமிடம். வாயின் கழுத்து 6 மில்லிமீட்டர்தான் என்றால் அது பத்தே நிமிடத்தில் மூடிக்கொள்ளும். மிச்சம் 13 நிமிடமும் கைப்பிடி பட்டினி. என் முதல் அச்சில் நடந்தது சாட்சாத் இதுதான்.

இன்னொரு நன்மையும் உண்டு. முனைகளை மக்கின் வளைவுக்கு ஏற்றபடி வெட்டும்போது, ஊற்றுவாயின் மிச்சம் கூடுதல் நீளமாகக் கைகொடுக்கும்.

களிமண் படுக்கை

மெலமைன் பலகை மாதிரி வழவழப்பான, தட்டையான பலகை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேல் மிருதுவான களிமண்ணைப் பரப்பி, மூல உருவைக் கரிக்கோடு வரைக்கும் புதையுங்கள். அப்புறம் மரக்கருவியால் களிமண்ணை உருவின் விளிம்போடு சேர்த்து அணைத்து, ஈரத் தூரிகையால் வழித்து விடுங்கள். இந்த வேலைக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்கலாம், தப்பில்லை. களிமண்ணுக்கும் உருவுக்கும் நடுவே விடும் ஒவ்வொரு இடுக்கும் பின்னால் ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு பிசிறாக வந்து நிற்கும்.

உருவைச் சுற்றி எல்லாப் பக்கமும் 30 மில்லிமீட்டர் விடுங்கள். ஊற்றுவாயின் அகன்ற பக்கம் மட்டும் சுற்றுப்பலகையைத் தொட்டு நிற்க வேண்டும். நான்கு பலகைகளைச் சுற்றி நிறுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி, மூலைகளிலும் அடியிலும் களிமண் திரியை அழுத்தி அடையுங்கள். பிளாஸ்டர் கசியும் ஓட்டை எங்கே இருந்தது என்பது ஊற்றிய பிறகுதான் தெரியும், அப்போது ஓடி ஓடி அடைக்க வேண்டியிருக்கும். மூல உருவும் நீர் புகாததாக இருப்பதால் அதன் மேல் மிக மெல்லிதாக அச்சு சோப்போ (பிளாஸ்டர் ஒட்டாமலிருக்கப் பூசும் சோப்பு) வாஸலினோ தடவித் துடைத்தால் போதும்.

பிளாஸ்டர்

பாட்டரி வேலைக்கென்று விற்கும் பிளாஸ்டரை வாங்குங்கள். சுவர்ப் பூச்சுக்கானது இதற்கு ஒத்துவராது. 100 பங்கு பிளாஸ்டருக்கு 70 பங்கு தண்ணீர் என்பது ஸ்லிப் அச்சுகளில் பரவலாகப் பயன்படும் விகிதம். இரண்டையும் தராசில் எடை போடுங்கள், கண்மதிப்பு வேண்டாம். தண்ணீர் கூடினால் அச்சு வேகமாகக் குடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். குறைந்தால் பலமாக இருக்கும், குடிப்பது மந்தமாகும். முக்கியமாக, இரண்டு பாதியும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகப் படியும்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு. நிரப்ப வேண்டிய இடத்தின் கன அளவை மில்லிலிட்டரில் எடுத்து, 0.65ஆல் பெருக்கினால் தண்ணீர், 0.93ஆல் பெருக்கினால் பிளாஸ்டர் கிராமில். நம் 85 மில்லிமீட்டர் கைப்பிடிக்கு ஒரு பாதி 14.5 × 9.5 × 4 சென்டிமீட்டர் என்றால் 551 மில்லி. உருவின் பங்கைக் கழித்தால் சுமார் 530. ஆக 350 மில்லி தண்ணீர், 500 கிராம் பிளாஸ்டர்.

வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் பாத்திரத்தில் முதலில் தண்ணீர். முகமூடி போட்டுக்கொண்டு, பிளாஸ்டரைப் பிடி பிடியாக அள்ளித் தூவுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தொடாமல் ஊற விடுங்கள். அவசரப்பட்டுக் கலக்கினால் கட்டி தட்டும். ஊறிய பிறகு கையுறை போட்ட கையை அடிவரை விட்டு, மேற்பரப்பைக் கலைக்காமல், காற்று புகாமல் இரண்டு மூன்று நிமிடம் கலக்குங்கள். விரலால் மேலே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். தடம் ஒரு நொடி நின்று மறைந்தால் ஊற்றும் பதம்.

முதலில் ஒரு மெல்லிய தூரிகையால் உருவின் மேல் கொஞ்சம் பிளாஸ்டர் தடவுங்கள், குமிழி ஒட்டாது. அப்புறம் மூலையில் மெதுவாக ஊற்றுங்கள், அது தானாகப் பரவி உருவின் மேல் ஏறட்டும். மேசையின் அடியில் நாலு தட்டு தட்டினால் மீதிக் குமிழிகளும் மேலே வரும்.

பிளாஸ்டர் இறுகும்போது நன்றாகச் சூடேறும். கையையோ காலையோ அச்செடுக்க அதில் புதைத்து வைக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும். மீதி பிளாஸ்டரைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் போய்க் கல்லாகும். பாத்திரத்திலேயே இறுக விட்டு, பாத்திரத்தை வளைத்தால் துண்டு துண்டாக உதிரும்.

இரண்டாம் பாதி

சூடு ஏறி, ஆறத் தொடங்கியதும் பலகைகளைப் பிரித்து, மொத்தமாகத் திருப்பிப் போட்டு, களிமண் படுக்கையை உரித்தெடுங்கள். மூல உருவை மட்டும் வெளியே எடுக்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும், "எப்படி வந்திருக்கிறது பார்ப்போம்" என்று. ஒரு தடவை எடுத்தால் மறுபடி அதே இடத்தில் உட்காராது. முடிமுனை அளவு இடைவெளி விழுந்தாலும் அதில் பிளாஸ்டர் இறங்கிவிடும்.

பிளாஸ்டர் இன்னும் மிருதுவாக இருக்கும்போதே பூட்டுக் குழிகள் தோண்டுங்கள். ஒரு நாணயத்தின் விளிம்பை வைத்துத் திருகினால் அழகான கிண்ணக் குழி விழும். மூன்று போதும். ஆனால் மூன்றும் சமச்சீராக இருக்க வேண்டாம். அப்போதுதான் இரண்டு பாதியையும் தப்பாகப் பொருத்த முடியாது.

இப்போது அச்சு சோப்பு. பிரிமுகம் முழுக்க, குழிகள் உட்பட, ஸ்பாஞ்சால் தடவி, நுரையைத் துடைத்து, மறுபடி தடவி, மொத்தம் மூன்று நான்கு தடவை. பிளாஸ்டர் மெருகேறி, மேலே விட்ட தண்ணீர்த் துளி உருண்டு ஓடினால் சரி. சோப்பை விட்டுவிட்டால் இரண்டு பாதியும் ஒரே கல்லாகிவிடும். அதைப் பிரிக்க உளி வேண்டும், அப்புறம் அச்சும் இருக்காது.

பலகைகளை மறுபடி கட்டி, அதே அளவு பிளாஸ்டர் கலந்து ஊற்றுங்கள். ஒரு மணி நேரம் கழித்து, பிரிகோட்டில் வெந்நீரை மெல்ல ஓடவிட்டு, ரப்பர் சுத்தியலால் பக்கங்களில் லேசாகத் தட்டுங்கள். நெம்பாதீர்கள். பிரிந்ததும் உருவை எடுத்துவிட்டு, அச்சின் வெளி விளிம்புகளைச் சாய்வாகச் சீவி விடுங்கள். கூரான விளிம்பு உதிரும், உதிர்ந்த பிளாஸ்டர்த் துணுக்கு மண்ணில் கலந்தால் சுட்ட பிறகு அந்த இடம் பொரிந்து வெடிக்கும். உள்பக்க விளிம்பை, அதாவது கைப்பிடியின் தடத்தைத் தொடும் விளிம்பை, கத்தியால் தொடவே கூடாது.

உலர்த்தல்

இரண்டு பாதியையும் சேர்த்து ரப்பர் பட்டையால் கட்டியே காயவையுங்கள், தனித்தனியாகக் காய்ந்தால் வளையக்கூடும். மின்விசிறிக் காற்று போதும். சூடு கொடுப்பதானால் 45 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம். அதிகச் சூட்டில் பிளாஸ்டர் மறுபடி பொடியாகத் தொடங்கும்.

காய்ந்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் ஈரம் இருக்கிறது. அதைவிட நம்பகமானது தராசு. 500 கிராம் பிளாஸ்டர் இறுகுவதற்கு வேதியியல் முறையில் தேவைப்படும் தண்ணீர் சுமார் 93 கிராம் மட்டும்தான். நாமோ 350 ஊற்றினோம். ஆகவே 850 கிராம் எடையோடு பிறக்கும் பாதி, முழுசாகக் காய்ந்தால் 590 கிராம் பக்கம் வந்து நிற்க வேண்டும். பறந்துபோன 260 கிராம் தண்ணீர் விட்டுச்சென்ற வெற்றிடங்கள்தான் நாளைக்கு ஸ்லிப்பிலிருந்து தண்ணீரைக் குடிக்கப்போகின்றன. காய்ந்த எடையை அச்சின் முதுகில் பென்சிலால் எழுதி வையுங்கள். வார்ப்புகளுக்கு நடுவே அச்சு களைத்துப்போயிருக்கிறதா என்று பார்க்க அந்த எண் உதவும்.

முதல் வார்ப்பு

ஸ்லிப்பின் 100 மில்லி 175 முதல் 180 கிராம் எடை இருக்கட்டும். தண்ணீரைக் கூட்டி இளக்காதீர்கள். இளகும் தன்மை சோடியம் சிலிகேட் போன்ற இளக்கியிலிருந்து வர வேண்டும். தண்ணீர் அதிகமானால் சுருக்கமும் அதிகம், உள்ளே துளையும் பெரிது. சல்லடையில் வடிகட்டி, குமிழி அடங்க விட்டு, ஒரு வாயில் நூல் மாதிரி மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். மறுவாயில் ஸ்லிப் தலைகாட்டும் வரைக்கும் நிறுத்தாதீர்கள். நிறுத்தி ஊற்றினால் அந்த இடத்தில் வளையம் விழும்.

பிறகு பக்கத்திலேயே இருங்கள். முதல் பத்து நிமிடம் மட்டம் வேகமாக இறங்கும், இரண்டு வாயையும் மாறி மாறி நிரப்பிக்கொண்டே இருங்கள். வாயில் பொருக்குக் கட்டத் தொடங்கினால் ஒரு குச்சியால் நடுவைக் குத்தித் திறந்துவிடுங்கள்.

அச்சைத் திறக்கும் நேரம்தான் கைப்பிடியில் கொஞ்சம் நுட்பமானது. வளைவின் நடுவே பிளாஸ்டர் ஒரு தீவு மாதிரி நிற்கிறது. கைப்பிடி சுருங்கும்போது அந்தத் தீவை இறுக்கிப் பிடிக்கும். தாமதித்தால் வளைவின் உட்பக்கத்தில் விரிசல் விழும். சீக்கிரம் திறந்தாலோ துவண்டு விழும். வாயிலுள்ள மண் விரலில் ஒட்டாமல், அழுத்தினால் மட்டும் பள்ளம் விழும் நிலையில் முதலில் ஒரு பாதியைத் தூக்கிவிடுங்கள். ஐந்து பத்து நிமிடம் அப்படியே விட்டு, அடுத்த பாதியைக் கவிழ்த்து உள்ளங்கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அந்தத் தீவு சிறியது, மூன்று பக்கமும் தண்ணீர் குடிப்பதால் சீக்கிரம் நனைந்துபோகும். எனவே ஒரு நாளில் மூன்று நான்கு வார்ப்புக்கு மேல் போனால் உட்பக்கம் மந்தமாகப் படிவதைக் கவனிப்பீர்கள்.

முதல் இரண்டு கைப்பிடிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். சோப்பும் பிளாஸ்டர் தூசியும் அவற்றோடு போய்விடும். போடும் முன் ஒன்றைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். துளை தெரிந்தால் ஊற்றுவாயின் கழுத்தை அச்சிலேயே கொஞ்சம் சுரண்டி அகலப்படுத்தலாம், புது அச்சு தேவையில்லை.

ஒட்டுவது

மக்கும் கைப்பிடியும் ஒரே ஈரத்தில், தோல் பதத்தில், அதாவது பாதி காய்ந்து விறைப்பாக நிற்கும் நிலையில் இருக்க வேண்டும். கைப்பிடி மெல்லியது என்பதால் முந்திக் காயும். வார்த்ததும் மூடியுள்ள டப்பாவில் போட்டு வையுங்கள். முனைகளை மக்கின் வளைவுக்கு வெட்டி, இரண்டு பக்கமும் கீறி, அதே ஸ்லிப்பைத் தொட்டு, வழியும் அளவுக்கு அழுத்துங்கள். அப்புறம் பிளாஸ்டிக் உறையால் மூடி ஓரிரு நாள் மெதுவாகக் காயவிடுங்கள். ஒட்டில் விரிசல் வந்தால் பெரும்பாலும் ஈர வித்தியாசம்தான் காரணம்.

பிரிகோட்டுத் தழும்பைக் கத்தியால் சீவினால் மட்டும் போதாது. தோல் பதத்தில் மழமழவென்று மறைந்துவிட்டது போலிருக்கும், சூளையிலிருந்து எடுத்தால் அதே இடத்தில் மெல்லிய கோடாக எழும்பி நிற்கும், போர்சலினில் இன்னும் தெளிவாக. சீவிய பிறகு கரண்டியின் முதுகால் அந்த இடத்தை அழுத்தித் தேயுங்கள், மண் துகள்கள் நெருங்கிக்கொள்ளும்.

போர்சலின் போல உச்சச் சூட்டில் இளகும் மண்ணானால் கைப்பிடி லேசாகக் கீழே தொய்யும். அதை எதிர்பார்த்து, ஒட்டும்போதே கொஞ்சம் தூக்கி வையுங்கள். எவ்வளவு என்பது உங்கள் மண்ணையும் சூளையையும் பொறுத்தது. மூன்று மக்குகளில் மூன்று விதமாக ஒட்டி, அடியில் 1, 2, 3 என்று கீறிச் சுட்டுப் பார்த்தால் ஒரே சூட்டில் தெரிந்துவிடும்.

மூல உருவை மட்டும் பத்திரமாக எடுத்து வையுங்கள். சோடியம் சிலிகேட் பிளாஸ்டரை மெல்ல அரிக்கும். விளிம்பு மழுங்கி, பிசிறு தடிக்கத் தொடங்கும்போது அதே உருவிலிருந்து இன்னொரு அச்சு எடுத்துக்கொள்ளலாம். என் அலமாரியில் ஒரே கைப்பிடிக்கு இரண்டு அச்சு இருக்கிறது. ஒன்று வேலையில் இருக்கும்போது மற்றது மின்விசிறியின் முன்னால் காய்ந்துகொண்டிருக்கும்.